முனீஸ்வரிக்கு ஒரு பாட்டு அறை

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டைப் போல அமைதியான வீட்டைப் பார்க்க முடியாது. பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்சி எதுவும் பாட்டு அறைக்குள் நுழையாது. ஒலித்தடுப்பு வேலை என் தொழில்தான் என்றாலும், சொந்த வீட்டுக்குச் செய்வதில் தனி சந்தோஷம் இருக்கிறது.

அறை என் மனைவி முனீஸ்வரிக்காக. கல்யாணக் கச்சேரிகளில் பாடுவாள். அவள் மேல்ஸ்தாயியை எட்டிப் பிடித்தால் பந்தியில் இருப்பவன் கை சோற்றிலேயே நின்றுவிடும். முடிந்ததும் ஆளாளுக்கு செல்ஃபி எடுப்பார்கள். நான் அவளுடைய கைப்பையோடு ஓரமாக நிற்பேன். "நீங்க அக்காவோட டிரைவரா அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். நானும் சிரித்துவிட்டேன்.

கச்சேரிக் குழுத்தலைவர் பாண்டியராஜன் அவளை மலேசியாவில் பாட அழைத்தபோதுதான் அறை வேலையைத் தொடங்கினேன். போகுமுன் நிம்மதியாகப் பாடிப் பழகட்டுமே. வேலை முடிந்ததும் தெருவே வந்து பார்த்துக் கேசரி சாப்பிட்டது. "ராணி மாதிரில்ல வச்சிருக்கீக" என்றார்கள் பெண்கள்.

சத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே குரல் உயிரோடு கேட்கச் செய்வது வேறு வேலை. ஊருக்கு இரண்டையும் செய்து கொடுப்பேன். அவளுக்கு முதலாவது போதும் என்று தோன்றியது. சுவர், கூரை, தரை எங்கும் தடித்த பஞ்சும் கம்பளமும் அடைத்தேன். அங்கே எப்பேர்ப்பட்ட குரலும் வாயைத் தாண்டியதும் செத்துவிடும்.

முதல் வாரமே முகம் வாடி வந்தாள். "ஏங்க, மேல போனா குரல் நிக்கவே மாட்டேங்குது. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு."

"இந்த ரூம் உள்ளத உள்ளபடி காட்டும் புள்ள. மண்டபத்துல எதிரொலி இருக்குல்ல, அதுதான் இம்புட்டு நாளா உன்னயத் தூக்கி விட்டுச்சு" என்று பக்குவமாகச் சொன்னேன்.

அவள் இன்னும் கத்திப் பாடினாள். தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. பாண்டியராஜனுக்கு போன் போட்டு, "நான் வரல அண்ணே, வேற ஆளு பாத்துக்கங்க" என்றாள். அவளுக்கு நான்தான் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

இப்போது சேர்ந்தே சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய்த் தாமரைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து வருகிறோம். யாரும் அவளை செல்ஃபிக்குக் கூப்பிடுவதில்லை.

மத்தியானத்தில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். பஞ்சுத் தூசியாக இருக்கும். கதவில் காதை வைத்தும் பார்த்திருக்கிறேன். ஒரு விசும்பல்கூடக் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.