எந்தக் கையால அடிச்சா?

ஹலோ… யாரு, போவாடி மாப்ளயா? சொல்லு, சொல்லு… பட்டறையிலதான் இருக்கேன், கொஞ்சம் சத்தமா பேசு… என் தங்கச்சி கொனாடு எப்படி இருக்கா? அவ போன் எடுத்தே மூணு வாரமாச்சு… குழாயடியில வழுக்கி விழுந்துட்டாளா? மறுபடியுமா?… சரி, சரி. நீ சொல்லு.

யாரு, செர்வாவா? உங்க ஏழு வயசு மக, அது என்ன பண்ணிச்சு?… ஆமா… ஆமா… பக்கத்து வீட்டுல சோள உருண்டை, கென்கே விக்கிற அம்மாவோட சின்னப் பாப்பாவை அடிச்சிட்டாளா? பெல்ட்டாலயா?… அடப்பாவமே. ரத்தம் வந்துச்சா?… ம்… ம்…

இரு, இரு. நாளைக்கு எங்க? ஜெப முகாமுக்கா, பேய் ஓட்டவா? நாப்பது நாளா?… மாப்ள, அங்க பிள்ளைங்களைச் சங்கிலியில கட்டிப் பட்டினி போடுறாங்க, தெரியுமில்ல?… தெரிஞ்சுதான் அனுப்புறியா. தூ… இல்லப்பா, உன்னைத் துப்பல. வாயில தூசி.

ஓ, அதுக்குத்தான் போனா. தாய்மாமன் சரின்னு சொல்லாம அந்தப் போதகர் சேத்துக்க மாட்டேங்கிறாரா… ஆமா, பிள்ளை எங்க குலம்தான், தாய் வழிதான். பிள்ளை கெட்டுப்போச்சுன்னாதான் அது உனக்கு ஞாபகம் வருது.

என்னது, எங்க ரத்தமா?… ஆமா, இருபது வயசுல லாரி ஸ்டாண்டுல ஒருத்தன் பல்லை உடைச்சவன்தான் நான். உள்ள இருந்துட்டு வந்தவன்தான். மறைக்கலியே. அந்தச் சூடு எங்க ரத்தத்துல இருக்கு. தெரிஞ்சுதான் அடக்கி வெச்சிருக்கேன்.

நீ இதைச் சொல்லு. எட்டாம் நாள் பேர் வெச்சோமே, அன்னிக்கு அவ நாக்குல தண்ணி தொட்டு வெச்சது யாரு?… யாரு?… தொடுறவங்க குணம்தான் பிள்ளைக்கு வரும்னு எங்க ஆளுங்க பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. நீதானே அந்தம்மாவை ஒதுக்கிட்டு முன்னால வந்த? என் பிள்ளை என்னை மாதிரியே வரட்டும்னு சொன்ன. வந்துட்டா. இப்ப ஏன் அழற?

கத்தாத… கத்தாதன்னேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந்தக் கையால அடிச்சா?… விளையாட்டில்ல, சொல்லு… இடது கையா. பெல்ட்டை ரெண்டு சுத்து சுத்தியா…

மாப்ள, அவ எழுதுறது வலது கை. கல்லு விட்டு மாங்கா அடிக்கிறது வலது கை. எங்க குலத்துல இடது கைக்காரங்களே கிடையாது. அந்த வீட்டுல இடது கைக்காரன் நீ ஒருத்தன்தான். உன் ரத்தத்துல வந்திருந்தா மாங்காயையும் இடது கையாலதானே அடிச்சிருப்பா? மனுசனை அடிக்க மட்டும் இடது கைன்னா, அது பாத்துப் பழகினது.

பிள்ளை மேல நீ கையே வெச்சதில்லையா? சத்தியமா?… சரி, நம்புறேன். அப்ப யாரை அடிச்சதைப் பாத்து… இரு. அடிக்கும்போது அவ ஏதோ சொன்னான்னியே, என்ன அது?… இன்னொரு தடவை சொல்லு… "வாயை மூடு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

அது பிள்ளைகிட்ட சொல்ற பேச்சில்ல, போவாடி. பொண்டாட்டிகிட்ட சொல்ற பேச்சு.

குழாயடி. இதோட மூணு தடவை குழாயடி. ஈஸ்டருக்குத் தங்கச்சி அந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தா. அழகா இருக்கும்மான்னு சொன்னேன் நான். சீ. கண்ணு முன்னால இருந்தும் நான் பாக்கல… பேசாத. நாக்குல தொட்டு வெச்சப்ப பிள்ளைகிட்ட என்ன சொன்ன? தண்ணியைத் தண்ணின்னு, உள்ளதை உள்ளபடி சொல்லணும்னு சொன்ன. இப்ப நீ உண்மையைச் சொல்லேன், ஒரே ஒரு தடவை…

சரி, நிறுத்து. என் சம்மதம் வேணும்ல? பிள்ளைகிட்ட பேசாம சொல்ல மாட்டேன். போனை அவகிட்ட குடு.

செர்வாம்மா… மாமாடா… இல்லடா, உன் மேல கோவமில்ல. அந்தச் சின்னப் பாப்பாகிட்ட நாம ரெண்டு பேரும் போயி மன்னிப்பு கேப்போம், சரியா?… எங்கயும் அனுப்ப மாட்டேன். இப்பவே உங்க ஊருக்குச் சுன்யானி பஸ் ஏறுறேன், இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன். உன் செருப்பையும் அம்மா செருப்பையும் எடுத்து வை… ஆமா, அம்மாவும்தான். ரெண்டு பேரும் மாமா வீட்டுக்கு.

என்னது?… பெல்ட்டா? மாமா வீட்டுலயா?… இல்லடா கண்ணு. ஒண்ணு கூடக் கிடையாது. மாமா கால்சட்டைக்குக் கயிறுதான் கட்டுறேன்… நெசமா, கயிறுதான். பட்டறையில எல்லாரும் சிரிக்கிறாங்க… நீயும் சிரி… சரி, போனை வெச்சுடு. அப்பாகிட்ட குடுக்காத.