படித்துக் காட்டப்பட்டது

இரண்டு தாள் கூடுதலாகக் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். என் எழுத்து பெரிய எழுத்து, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் நிற்காது. 'நீ சொல்லு, ரைட்டர் எழுதிக்குவார்' என்றீர்கள். வேண்டாம். முப்பத்தாறு வயதில் படித்த எழுத்து, சும்மா கிடந்தால் கை மறந்துவிடும்.

என் பெயர் ஏசுபாதம், வயது நாற்பத்தெட்டு. திருப்போரூருக்குக் கிழக்கே உப்பளத்தை ஒட்டின காலனி. பத்து வயதில் உப்பு வார ஆரம்பித்தேன். உப்பளத்துக்காரன் பாதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். அதற்குள் சீழ் வைக்கும், மறுநாள் அதே காலோடு அதே தண்ணீரில் இறங்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இறங்கினேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து ஏறி வந்தேன் என்று தெரிந்தால், திரும்பி இறங்க ஏன் பயந்தேன் என்று உங்களுக்குப் புரியும்.

தொண்ணூற்று இரண்டில் அறிவொளி வகுப்பு எங்கள் காலனிக்கு வந்தது. ரேஷன் கடை வாசலில் சாயங்காலம் உட்காருவோம். நானும் என் அக்கா செல்லம்மாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். பெரிய ஆட்களுக்குக் கண் வரி தாவிவிடும் என்று அங்கே ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் எழுத்தை வாய்விட்டுப் படித்ததும் அதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்தால்தான் படித்த மாதிரி. எங்கள் புத்தகமெல்லாம் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். அக்கா பஸ் போர்டு படிக்கும் அளவுக்கு வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். நான் விடாமல் போனேன்.

அதனால்தான் இரண்டாயிரத்து ஒன்றில் ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் ஆள் தேடி வந்தபோது எனக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அவர்களுக்குப் பணம் கொடுத்தது. வயது ஏற ஏற மனுஷ உடம்பில் புற்று ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அறுபது தாண்டிய இருநூறு பேர், அக்காவும் அதில் ஒருத்தி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பது, டாக்டர் ஸ்ரீதேவி மேடம் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான். மேடம் நல்லவர், அணுபுரத்திலிருந்து வருவார். யாருக்காவது கட்டி கிட்டி இருந்தால் தமிழில் தெளிவாகக் கடிதம் எழுதித் தருவார். 'உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இப்போது போனால் குணப்படுத்தலாம்' என்று இருக்கும். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும். கூடவே ஒரு படிவம். 'படித்துக் காட்டப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே அவர்கள் கைரேகை, என் கையெழுத்து.

முதல் நாள் மையத்தில் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்லடா. யார்ரா நீ, எங்க வூட்டுப் புள்ளையே இல்ல."

எங்கள் அம்மா செத்தபோது எனக்கு நாலு வயது. அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் உப்பு வாரினாள்.

அந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது வாடை ஒன்றுதான். கிழடுகளின் உடம்பு, எடுத்த ரத்தம் வைத்த ஐஸ் பெட்டி, பஞ்சு, மூத்திரப் புட்டி. பெட்டியைத் திறந்தால் குமட்டும். சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி என் கைத்தோல் வெளுத்துவிட்டது. இருந்தாலும் உட்காருகிற வேலை, செருப்புப் போட்ட கால்.

இரண்டாயிரத்து இரண்டில் நிர்வாகி ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். ஆராய்ச்சியின் சட்டம் இது என்று விளக்கினார்.

"இருநூறுல நூத்தி எண்பது பேராவது கடைசி வரைக்கும் பட்டியல்ல இருக்கணும், ஏசுபாதம். குறைஞ்சா அடுத்த மூணு வருஷத்துக்குப் பணம் வராது. பணம் வரலைன்னா மையம் இல்ல, நீயும் இல்ல. வந்துச்சுன்னா உன்னை பர்மனென்ட் பண்றேன்."

"ஆளுங்க செத்துட்டா இன்னா சார் பண்றது?"

"செத்தா பரவால்ல. அதுவும் ஒரு ரிசல்ட்தான். ட்ரீட்மென்ட் போனாதான் நீக்கணும். மருந்து ஏறின ரத்தம் நமக்கு உதவாது."

அவர் என்னைத் தப்பு செய் என்று சொல்லவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தை மட்டும்தான் சொன்னார். அப்போதே பதினெட்டுப் பேர் ஊர் மாறியும் வைத்தியம் பார்த்தும் போயிருந்தார்கள். இன்னும் மூன்று பேர் போனால் தீர்ந்தது. அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் சாப்பிடும்போது இந்தக் கணக்கை அவளிடமும் சொல்லிப் புலம்பினேன்.

அந்த வாரம் கண்ணாயிரத்தின் கடிதம் வந்தது. மாடு மேய்த்த கிழவர், கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. அவர் வாசலில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ரத்தம் கம்மியா கீதாம் பெரியவரே. டெய்லி கீரை துன்னணுமாம்."

"அவ்ளோதானா? நான் பயந்தே பூட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை நீட்டினார்.

கடிதத்தை ஆபீசில் வைக்க வேண்டும் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். பேரப்பிள்ளைகள் படித்துவிடுவார்கள் அல்லவா. மையத்துக்குப் பின்னால் ஊசியும் ரத்தப் பஞ்சும் எரிக்கிற உலை ஒன்று உண்டு. அதில் போட்டேன். மேடத்திடம், கத்தி வைப்பார்கள் என்று பயந்து போகமாட்டேன் என்கிறார் என்றேன். அடுத்த முறை மேடம் அவரையே கேட்டார், "ஏன் தாத்தா, எழுதிக் கொடுத்ததைக் கேக்க மாட்டீங்களா?" கிழவர் கீரையை நினைத்துக்கொண்டு, "இந்த வயசுல அதெல்லாம் ஒத்துக்கல தாயி" என்றார். மேடம் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நானும் விரித்தேன்.

இப்படி ஏழு கடிதம். ஏழு பேர் பெயரும் உங்களிடம் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். படிவத்தில் நான் ஓர் எழுத்துகூடப் பொய் எழுதியதில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினேன். மேடம் அவசரத்தில் சொல்லியிருந்தால் அந்தக் கிழடுகள் அன்றைக்கே பாதி செத்திருக்கும். என்னால் அவர்கள் கடைசி வரை பயமில்லாமல் இருந்தார்கள். கீரை உடம்புக்கு நல்லதுதானே.

ஏழாவது கடிதம் அக்காவுக்கு. இரண்டாயிரத்து மூன்று ஜூன் மாதம். இடது மார்பில் கட்டி.

அவள் புருஷன் செத்துத் தனியாக இருந்தாள். மகள் ஜெனிட்டா செங்கல்பட்டில் வாக்கப்பட்டிருந்தாள். நான் போனபோது அக்கா சுறாப்புட்டு கிண்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பிரித்தேன். அன்றைக்குப் பட்டியலில் நூற்று எண்பது பேர் இருந்தார்கள். சரியாக நூற்று எண்பது. வேறு யாராவது ஒருவர் கூடுதலாக இருந்திருந்தால் நான் அந்தக் கடிதத்தை உள்ளபடி படித்திருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

"இன்னாடா எழுதிக்கீது?"

"ரத்தம் கம்மிக்கா. கீரை துன்னணுமாம்."

"இத்தாம்பெரிய காயிதத்துல கீரை மட்டுந்தானா? டாக்டரம்மா இன்னா கீரைக்கட்டு விக்கிறாளா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ரேகை வைத்தாள். கையெழுத்துப் போடத் தெரியுமே என்றேன், கை நடுங்குகிறது என்றாள். கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவள், திரும்பக் கேட்டபோது மட்டும் தரவில்லை.

"உங்கையால குட்த்த காயிதம், இருக்கட்டும்டா. நீ ஆபீசரா வந்ததுக்கு அத்தாட்சி வேணாமா?"

பஸ் போர்டு மட்டும் படிக்கிறவள்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பரில் கட்டி உடைந்தது. உள்ளதைச் சொல்கிறேன் ஐயா, என்னால் அந்த வாடை தாங்க முடியவில்லை. மழைநாளில் கருவாட்டு மூட்டை ஊறினால் வருமே, அது. வாசலிலேயே உட்காருவேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து உட்காருவேன். ஊதுபத்தி வாங்கிக் கொடுத்தேன். டெட்டால் வாங்கிக் கொடுத்தேன். ரத்தம் எடுக்கிற நாளில் நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை, நான்தான் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு அக்கா கையைப் பிடித்தேன். மேடம் புண்ணைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"ஏம்மா, இப்பவாவது போகலாமே?"

அக்கா மேடத்தைப் பார்க்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் எந்தம்பி பாத்துக்குவான்மா" என்றாள்.

ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டலில் கூட்டம். சுவரில் புற்று செல்லைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். இத்தனை பேரை விடாமல் வைத்திருப்பது ரொம்ப அபூர்வம் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைக் குலுக்கினாள். பிறகு தட்டில் நண்டு கொடுத்தாள். சுற்றிலும் எல்லோரும் ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். காலையில் அக்கா வீட்டில் இருந்த வாடை அந்தத் தட்டிலும் இருந்தது. ஓட்டல் கக்கூஸில் வாந்தி எடுத்தேன். அங்கே இருந்த சோப்பு நல்ல சோப்பு, மூன்று தடவை கழுவினேன்.

பணம் வந்தது. என்னை நிரந்தரமாக்கினார்கள்.

ஆகஸ்டில் அக்கா பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்த என்னை விரலால் கூப்பிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன்.

"வேல பர்மனென்ட் ஆயிடுச்சாடா?"

"ஆயிடுச்சுக்கா."

"அப்ப திரும்ப உப்புல எறங்க மாட்ட?"

"மாட்டேன்க்கா."

"சரி, போ. வெளிய போய்க் குந்து. உனுக்கு வாடை புடிக்காது."

மூன்றாம் நாள் இறந்தாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'முடிவு' என்று நானே எழுதினேன்.

ஜெனிட்டா வீட்டைக் காலி செய்யும்போது பைபிளுக்குள் கடிதம் இருந்ததாம். அவள் அதை மேடத்திடம் கொண்டுபோனாள். மேடம் என் படிவங்களை எல்லாம் எடுத்தார். பிறகு நீங்கள் வந்தீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஏழு பேருக்கும் பிழைக்க வழி எழுதி வந்தது. ஏழையும் மறைத்தது நான். ஏழு பேரும் இப்போது இல்லை.

நேற்று நீங்கள் அக்காவின் கடிதத்தை மேசையில் வைத்து, 'இதுதானா?' என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றின் அடியிலும் பென்சில் புள்ளி இருந்தது. 'உடனே' என்ற இடத்தில் இரண்டிரண்டு புள்ளி. இரண்டு தடவை படித்திருக்கிறாள். மேலே ஓரத்தில் தேதியும் போட்டிருந்தாள், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. நான் கீரை என்று சொன்ன அதே நாள்.

ஆக, அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போகவில்லை. அது அவள் எடுத்த முடிவு, அதில் எனக்குப் பங்கில்லை. உங்கள் குற்றப் பத்திரிகையில் ஏழு பேர் என்று இருக்கிறது ஐயா. ஆறு என்று திருத்திக்கொள்ளுங்கள்.