ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர்

மாலை ஆறே முக்கால். கல்குவாரிக்குப் போகும் பழைய சாலை... குவாரியை மூடிய பிறகு அந்தப் பக்கம் ஒரு லாரிகூடப் போவதில்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. என் சினேகிதனின் தாய்மாமன் அந்த வீட்டிலிருந்துதான் அதைத் தூக்கி வந்தார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மாமா வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர், பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய் வைத்தது. 'ஈயக்கை' என்றுதான் அவருக்குப் பேர். அவர் வைத்த ஈயப் பற்றில் ஒரு மயிரிழை பிசிறு இருக்காது. அந்த வீட்டுக்காரரும் இதே வேலைதான் செய்தவர், செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி தூக்குவதற்கு ஒரு கை கொடுக்கவில்லை. தள்ளி நின்றுகொண்டு, "எடுத்துட்டுப் போங்க... திரும்பக் கொண்டாராதீங்க" என்றாளாம்.

பட்டறையில் அதைக் கவிழ்த்துப் பார்த்த மாமா, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கனத்த செம்புத் தகடு. ஒவ்வொரு கம்பியும் பட்டுநூல் சுற்றி, கோடு போட்டதுபோல் வளைத்திருந்தது. இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய வால்வு. மற்ற ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு வால்வுகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதில் ஒன்றே முழுச் சுமையையும் தாங்கும். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கொதித்துக்கொண்டே இருக்கும்.

போட்டுக் கேட்டார். பாடகி மூச்சு இழுக்கும்போது உதடு பிரிகிற சத்தம் கேட்டது. மாமா அழுதுவிட்டாராம்.

ஆனால் பாட்டு முடிந்ததும் ஓர் இரைச்சல்... ம்ம்... ம்ம்... கரண்ட் இரைச்சல் என்றால் ஒரே சீராக இருக்கும். இது யாரோ முனகுவதுபோல் விட்டு விட்டு வந்தது. அதோடு ஒரு வாடை. நகத்தை நெருப்பில் போட்டால் வருமே, அது.

ஆறு நாள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரைச்சல் போகவில்லை. சாப்பாடு கொண்டுபோன அத்தை, "சித்த நிறுத்துங்களேன்" என்றதற்குக் ஓங்கி அறைந்துவிட்டார். இருபது வருஷத்தில் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுஷன். அத்தைக்கு உதடு கிழிந்து, சேலையெல்லாம் ரத்தம். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைச் சூடுபண்ணி, உள்ளே ஊற்றி அடைத்திருந்த தாரை உருக்கிக்கொண்டிருந்தார்.

ஒற்றை வால்வு டிரான்ஸ்ஃபார்மரில் இரும்புத் தகடுகளுக்கு நடுவே துளி இடைவெளி விடவேண்டும். எல்லோரும் அதில் ஒரு காகிதத் துண்டை வைப்பார்கள். இதில் காகிதம் இல்லை. வெள்ளையாக, மெல்லிசாக, அரத்தால் ராவித் தேய்த்த சில்லுகள். ஒன்றில் வெள்ளியாக ஒரு பொட்டு. மாமா அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

பல் வைத்தியர் அடைக்கிற வெள்ளி... மனுஷப் பல்.

சில்லுகளை எடுத்துவிட்டுக் காகிதம் வைத்தார். இரைச்சல் நின்றது. பாட்டும் செத்துப்போனது. தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. என்ன செய்திருக்கவேண்டும்? அப்போதே குப்பையில் வீசியிருக்கவேண்டும். மாமா ஒவ்வொரு சில்லையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினார்.

மறுநாள் சாயங்காலம் அத்தையின் தம்பி வந்தான். ஸ்பீக்கர் பெட்டி செய்கிற தச்சன், மாமாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்குள் போய், கதவைத் தாழிட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான்.

"அத்தான், இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். பெஞ்சில் நாலு கிலோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடந்தது. மாமா அதை எடுத்து அவன் முகத்தில் அடித்தார். விழுந்தவன்மேல் உட்கார்ந்து மறுபடி... மறுபடி. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து உள்ளே போகப் பத்து நிமிஷம் ஆனது. சுவரெல்லாம் தெறித்திருந்தது. மாமாவின் கைவிரல் மூன்று அவர் அடித்த அடியிலேயே உடைந்திருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

தச்சன் பிழைத்துக்கொண்டான். மாமா உள்ளே போனார். போலீஸிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவன் கெஞ்சினான் சார். கெஞ்சக் கெஞ்ச எனக்குக் கை நிக்கல."

பக்கத்துத் தையல்காரரும் அதையேதான் சொன்னார். பத்து நிமிஷமும் கெஞ்சல் கேட்டதாம், ஒவ்வொரு அடிக்கும். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

ஆனால் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் அடியிலேயே தாடை இரண்டாகப் பிளந்து, நாக்கு பின்னால் சரிந்துவிட்டது. அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது என்றார்.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்த தச்சனிடம் தையல்காரரின் வாக்குமூலத்தைக் காட்டினார்கள். அவன் ரொம்ப நேரம் அதைப் படித்தான். பேனாவை வாங்கி, ஒரு வரியின் கீழ் மட்டும் கோடு போட்டான்.

'போதும்ணே... வலிக்குதுண்ணே...'

பக்கத்தில் எழுதினான்: நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.