கரடி திரும்பி வந்ததா?

"அந்தக் கரடி திரும்பி வந்துச்சா, வரலையாக்கா?"

போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில், ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். கேட்டவள் எனக்கு எதிரே இருந்த இளம்பெண்.

"எந்தக் கரடி தாயி?" என்றார் அவள் பக்கத்திலிருந்த மூத்தவர்.

"பள்ளிக்கூடத்துல குடுத்துவிட்ட புத்தகத்துலக்கா. பிள்ளைகளோட சேர்ந்து படிச்சிட்டு, சனிக்கிழமை நாம வந்து கதையைப் பேசணும்னாகள்ல? எனக்கு எழுத்துத் தெரியாது. எம்மகதான் வாசிச்சுக் காட்டுனா. குட்டிய விட்டுட்டுத் தேனெடுக்க மலைக்குப் போன தாய்க்கரடி, பொழுதடைய வீட்டுக்கு வந்துருச்சுன்னு வாசிச்சா."

"வரலையே. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கடைசியில குட்டி தனியாத்தான் நிக்குது."

"அப்ப எம்மகளுக்கு வாசிக்கத் தெரியலையா?"

"எம்பேரன் வகுப்புலயே அவதான நல்லா வாசிக்கிறவ."

"பெறகு எதுக்கு மாத்தி வாசிச்சா?"

கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்ததும் மூத்தவர் கேட்டார்.

"காலையில நீ கெளம்புறப்ப உம்மக என்ன செய்வா?"

"ஜீப்பு மறையுற வரைக்கும் வாசல்லயே நிப்பா. அதுக்கும் கரடிக்கும் என்னக்கா?"

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை, திரும்பி வந்துருச்சுன்னே சொல்லு தாயி. நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

"இப்பத்தானக்கா வரலைன்னீக?"