அணைக்கும் முன் படிக்கவும்

— இந்தத் தீவுக்கூட்டத்துல லினக்ஸ் ஓடுற எந்தக் கம்ப்யூட்டரும் என்கிட்ட உண்மையைச் சொல்லாம செத்ததே இல்லை, லிகாயா. பெருமைக்குச் சொல்லலை. தகவலாச் சொல்றேன்.

— சரி, குயா அர்செனியோ. ஆனா ஈஸ்டர் புனித வாரம், ஊருக்குப் போற கூட்டம். செபு தீவுக் கப்பலுக்கு வரிசை வாசல் தாண்டிப் போயிடுச்சு. டிக்கெட் சர்வர் இப்படி உறைஞ்சு கிடந்தா எப்படி?

— கிடக்கட்டும். சாகும்போது அது கடைசியா எழுதினது இந்தத் திரையில மட்டும்தான் இருக்கு. டிஸ்க்குல ஒரு எழுத்து பதியலை. அணைச்சா சாட்சி போச்சு. படிக்காம பட்டனை அமுக்குறவன் போஸ்ட்மார்ட்டம் பண்ணாமப் பொணத்தைப் புதைக்கிறவன்.

— போன வாரம் நான் புதைச்ச மாதிரி.

— அதுக்குத்தானே மேனேஜரம்மா உன்னை இன்னியோட வேலையை விட்டு அனுப்பறாங்க. புகார் எழுதினது நான்தான். குயான்னு கூப்பிடறே, அண்ணனா நெனைச்சு மனசுல வெச்சுக்காதே.

— வெச்சுக்கலை. படிங்க.

— பாரு, போறதுக்குள்ள இதையாவது கத்துக்கோ. மேல, கெர்னல் பேனிக். சிஸ்டத்தோட உயிரே நின்னுபோச்சுன்னு அர்த்தம். அடுத்து, லினக்ஸோட வராத ஏதோ ஒரு டிரைவர் புரோகிராமை யாரோ வெளியிலேர்ந்து எழுதிச் செருகியிருக்கான். மெமரியில ஒண்ணுமே இல்லாத இடத்துல போய்க் கையை விட்டிருக்கு அது. முதல் வருஷப் பையன் கூடப் பண்ண மாட்டான்.

— எழுதினது யாரு, குயா?

— டிரைவர் பேரு இதோ இருக்கு. அர்... அர்செ...

— என்னாச்சு?

— கண்ணாடியைக் காணோம்.

— மூக்கு மேல இருக்கு.

— நீ போய் வரிசையைப் பாரு.

— பார்த்துட்டுதானே வந்தேன்.

— அப்போ காபி.

— கையில வெச்சிருக்கீங்க.

— கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன், லிகாயா.

— திரும்பிட்டேன்.

— ...

— பட்டனைச் சும்மா தொட்டா அணையாது, குயா. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும்.

— ...

— அணைஞ்சிடுச்சா?

— ம். உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?

— போன வாரமும் திரையில அதே பேருதான் இருந்துச்சு. பிரிண்டருக்கு டிரைவர் எழுதி, உங்க பேரையே வெச்சு, எல்லாருக்கும் பான்சித் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தீங்களே. மேனேஜரம்மா வர்ற சத்தம் கேட்டுச்சு, அணைச்சுட்டேன். உங்ககிட்ட அதைச் சொல்ல எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு, குயா.