ஐந்தாவது பண்டிதரின் கைகள்

ஆகஸ்டு மாதம். மதியச் சாப்பாடு முடிந்து நேப்பிள்ஸ் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற நேரம். துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் கல் சந்து... ஈ காக்கை இல்லை. அந்த வெயிலில் ஒரே ஒருவன் நடந்து வருகிறான். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறான். அழுதுகொண்டே வருகிறான்.

அந்தக் கதவைச் சாத்து, மெனிக்கோ. எல்லோரும் கணப்பை ஒட்டி உட்காருங்கள். உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நாளைக்கு எவனோ ஓவியன் கூப்பிட்டிருக்கிறான், மூஞ்சி வேண்டாம், கை மட்டும் வந்தால் போதும் என்றான், என்று பெருமையடித்தாயே... அதைக் கேட்டபிறகு உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை.

"ஆரம்பிச்சிட்டியா பெருசு? கையைக் காட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"வாயை மூடுடா. முழுசா கேளு, அப்புறம் சிரி."

முப்பது வருஷமாக ஓவியர்கள் முன்னால் உட்காருகிறேன். ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத நான் எத்தனை பண்டிதனாக, எத்தனை சாமியாராக இந்த ஊர்ச் சுவர்களில் தொங்குகிறேன் தெரியுமா? அதனால் தொழில் தெரிந்து பேசுகிறேன். முகத்தை முதலில் முடிப்பார்கள், கையைக் கடைசியில். முகத்துக்கு ஒருவன், கைக்கு இன்னொருவன் என்று உட்காரவைப்பதும் சகஜம்தான். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. முகத்தைக் கொடுத்தவன் நடுவில் செத்துப்போனால் அந்த முகத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். செத்தவன் முகத்துக்குக் கீழே உயிரோடிருப்பவன் கையை வைக்கக் கூடாது. பழைய ஆட்கள் யாரும் வைக்க மாட்டார்கள்.

மேஸ்திரி ஒத்தாவியோ என்ற ஓவியன் வைத்தான்.

என் சிநேகிதன் பியாசேயின் தங்கை ரென்சா. அவள் புருஷன் தித்தா. இருபத்தெட்டு வயது, நல்ல உழைப்பாளி. ஒத்தாவியோவின் பட்டறையில் சாயம் அரைப்பான், துணி மடிப்புகளை வரைவான். பியாசே வாய் திறந்தால் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்ன அன்று அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

ஒத்தாவியோவைப் போலக் கிழத்தனத்தை வரைய ஆளில்லை. ஒரு நீதிபதி தன் புத்தக அறைக்குப் பெரிய படம் கேட்டிருந்தார். பின்னால் ஒரே இருட்டு. இடப்பக்கம் மேலேயிருந்து ஒரு கீற்று வெளிச்சம். மேஜையைச் சுற்றி ஐந்து கிழட்டுப் பண்டிதர்கள். ஒருவர் கவராயத்தால் உலக உருண்டையை அளக்கிறார். ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்கிறார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். ஒருவர் மண்டையோட்டின் உச்சியில் விரல் வைத்திருக்கிறார். ஐந்தாமவர் முன்னால் தடித்த புத்தகம் விரிந்து கிடக்கிறது. வழுக்கைமேல் ஒத்தாவியோ வெள்ளையைக் கட்டியாக அப்பியிருப்பான். நெற்றிச் சுருக்கத்தைத் தடவினால் விரலில் தட்டும். தாடியை ஈரச் சாயத்தில் தூரிகைக் காம்பால் கீறியே எடுப்பான். கிழிந்த முழங்கை, சிவந்த மூக்கு, கண்ணோரத்து நீர்... ஒன்றையும் விடமாட்டான்.

ஐந்தாமவருக்கு உட்கார்ந்தவர் அந்துவோனோ. நாற்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முகம் முடிந்துவிட்டது. கைகள் மட்டும் பாக்கி.

அன்றைக்கும் இதே மதிய நேரம். ஆளிவிதை எண்ணெய் நாற்றம், புழுக்கம்... கிழவர் புத்தகத்தின்மேல் கையை வைத்தபடியே தூங்கிவிட்டார். குறட்டை.

"யோவ்! பண்டிதன் மாதிரி உட்காருய்யான்னா பொணம் மாதிரி தூங்குற?"

அந்துவோனோ கண்ணைத் திறந்தார். "ஐயா, நான் பார்த்த படிச்சவனெல்லாம் புத்தகத்தை விரிச்ச உடனே தூங்கிடுறானுங்க. சரியாத்தானே செய்யிறேன்?"

தித்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டான். பாவி, அங்கே சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

ஒத்தாவியோவுக்கு முன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. சாயம் அரைக்கிற குழவிக்கல் பக்கத்தில் இருந்தது. எடுத்தான். ஓங்கி ஒரே அடி... கிழவர் காதுக்கு மேலே. சத்தம் பெரிதாக இல்லையாம். ஈரமான சத்தம். இரண்டாவது அடிக்கு நாற்காலியோடு சாய்ந்தார். மூன்றாவது அடி எதற்கென்று தித்தாவுக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"என்னடா பாக்குற? தூக்கு."

பட்டறை வீட்டுக்குக் கீழே தண்ணீர் வற்றிய பழைய கிணறு. தித்தாதான் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். வேலை போய்விடும், பேசினால் தன்னையும் கிணற்றுக்குள் தள்ளிவிடுவான் என்ற பயம். கைப்பிடிச் சுவரில் சாய்த்தபோது கிழவரின் இரண்டு கைகளும் அவன் சட்டையைப் பிடித்தன. உயிர் இருந்தது! மூச்சு சீழ்க்கை மாதிரி வந்தது. தித்தா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்... பத்து விரல். தள்ளினான். கீழே விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

"ஐயோ, அவன் மனுஷனா?" என்று யாரது, நீயா கேட்டாய்? மனுஷன்தான். வீட்டில் ஆறு மாதக் குழந்தை, மோசினா. அவளை நினைத்துத்தான் தள்ளினேன் என்று பிற்பாடு சொன்னானாம். நான் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் ஒத்தாவியோ அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்தான். "கையை வை. படம் முடியணும்."

"மேஸ்திரி, வேண்டாம். கிழவன் செத்துட்டான். முகத்தைச் சுரண்டிடலாம்."

"அந்த மாதிரி முகம் எனக்கு இன்னொரு தடவை கிடைக்காதுடா. வை."

வைத்தான். இளசான கைகளை ஒத்தாவியோ கிழடாக்கி வரைந்தான். முட்டிகளை வீங்கவைத்தான், நீல நரம்பை மேலே எழுப்பினான், நகத்துக்குள் கறுப்பை அடைத்தான். மூன்று நாளில் முடிந்தது.

நான்காம் நாள் காலை ரென்சா புருஷனுக்கு ரொட்டியை நீட்டினாள். வாங்கிய கையைப் பார்த்தாள்.

"என்னய்யா இது? கையில என்னத்த பூசியிருக்க?"

"சாயம்தான். போகலை."

சாயமில்லை. முட்டி வீங்கியிருந்தது. நீல நரம்பு புடைத்திருந்தது. நகத்துக்குள் கறுப்பு. குழந்தையைத் தூக்கினான்... வீறிட்டாள் பாருங்கள், தெருவே எழுந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பன் கை பட்டால் போதும், மூச்சு முட்ட அழுதாள். அவளைத் தூக்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அவளைத் தொட முடியாமல் மூலையில் உட்கார்ந்து அழுதான் அவன்.

அந்த வாரமே, மதியம். ஒத்தாவியோ படத்தின் முன்னால் குனிந்து மூலையில் பெயரெழுதிக்கொண்டிருந்தான். தித்தா பின்னால் செம்மண் சாயம் அரைத்துக்கொண்டிருந்தான். கைகள் குழவியை விட்டன. தித்தா விடச் சொல்லவில்லை. கைகள் நீண்டன... அவனை இழுத்துக்கொண்டு போயின. பின்னாலிருந்து மேஸ்திரியின் கழுத்தை வளைத்தன.

"விடு! விடு!" என்று கத்தியது ஒத்தாவியோ இல்லை. தித்தா. தன் கைகளைப் பார்த்து அவனே கெஞ்சினான். பல்லால் கடித்துப் பார்த்தான், ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. மேஸ்திரியின் கால்கள் எண்ணெய்ச் சட்டியை உதைத்துக் கவிழ்த்தன. கண் பிதுங்கியது. கட்டைவிரல் இரண்டும் தொண்டைக்குழியில் இறங்கின. உள்ளே ஏதோ நொறுங்கியது... காய்ந்த ரொட்டியைப் பிய்க்கிற சத்தம். அப்புறமும் விடவில்லை. மண்டையைத் தரையில் மோதின, மோதின, முகம் முகமாக இல்லாமல் போகும்வரை மோதின. மேலே படத்தில் ஐந்து பண்டிதர்களும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் அவன் அந்தச் சந்தில் நடந்து வந்தான். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு.

"ரென்சா, கயிறு எடு. என் கையைக் கட்டு. பாப்பாவைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ... முதல்ல கட்டு!"

கட்டினாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"கிணத்துல தள்ளறப்போ கிழவருக்கு உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ரென்சா அவனை அறைந்தாள். இன்னொரு அறை. மூன்றாவதை ஓங்கி, போடாமல், அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துறைமுகத்துப் பொம்பளை, சும்மாவா?

"படத்துல வச்ச கை உன் கைதானே? சுரண்டி எடுத்துட்டா உன் கை உன்கிட்ட வந்துடும். வா."

"என் கை சுரண்டாது."

"உன்னை எவன் சுரண்டச் சொன்னான்? நான் சுரண்டுறேன்."

பால் குடிக்கிற குழந்தையை எங்கே விடுவது? கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டாள். ஊர் எழுந்திருப்பதற்குள் பட்டறைக்குப் போய்விட்டார்கள். ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. கூடையைக் கதவோரம் வைத்தாள். தித்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டு ஒவ்வொன்றையும் அதன் கைப்பிடியோடு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ரத்தத்தைத் தாண்டிப் போய்ச் சுரண்டு கத்தியை எடுத்தாள்.

வலது கையில் ஆரம்பித்தாள். மேலே காய்ந்த ஏடு, உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. கத்தி இறங்கியதும் தித்தா அலறினான். குழந்தையும் அலறினாள். நகம் போயிற்று, முட்டி போயிற்று. பழுப்புக்குக் கீழே சிவப்பு வந்தது. அது சாயமா என்று அவள் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணி தெரியும்வரை சுரண்டினாள்.

"ரென்சா... ரென்சா, இங்க பாரு!"

திரும்பினாள். வலது கை. வீக்கமில்லை, நரம்பில்லை. இருபத்தெட்டு வயதுக் கை. விரல்களை மடக்கிக் காட்டினான். சிரித்தான், மூக்கு ஒழுக ஒழுக.

"என் தங்கமே, இன்னும் ஒண்ணுதான். பாப்பாவை நான் தூக்கணும்டி. சீக்கிரம்!"

கத்தியோடு படத்துப் பக்கம் திரும்பினாள். இடது கை புத்தகத்தின்மேல் இருக்க வேண்டும்.

இல்லை.

கை இருந்த இடத்தில் புத்தகத்தின் தாள் தெரிந்தது. வரி வரியாக எழுத்து. அதன்மேல் யாரும் எதையும் வைத்த அடையாளமே இல்லை.

மெல்லத் திரும்பினாள். தித்தா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம். இடப்பக்கக் கைப்பிடியில் கயிறு மூன்று சுற்று. முடிச்சு அவிழவில்லை. உள்ளே சட்டைக் கை மட்டும், தட்டையாக.

அவ்வளவு நேரம் அலறிக்கொண்டிருந்த குழந்தை அப்போதுதான் சத்தத்தை நிறுத்தினாள்.

ரென்சா எப்படிக் கூடைக்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வேறு ஒன்றுமில்லை. மோசினா உயிரோடிருந்தாள். அழவில்லை, மேலே பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். கழுத்தில் மட்டும் ஈரச் சாயம். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். ரென்சா பாவாடை நுனியால் துடைத்தாள். சாயம் வந்துவிட்டது. அடியில் இருந்த தோல்... தொங்கலும் மடிப்புமாக, எழுபது வயதுத் தோல்.

தித்தாவைத் தூக்கில் போட்டார்கள். ஒற்றைக் கையால் எப்படி நெரித்தாய் என்று விசாரணையில் நீதிபதி கேட்டாராம். அந்த இடது கை எங்கே என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ரென்சா மகளோடு பியாசே வீட்டில் இருக்கிறாள். மோசினாவுக்கு இப்போது ஒன்பது வயது. வெயில் காலத்திலும் கழுத்தைச் சுற்றித் துணி கட்டித்தான் வெளியே அனுப்புவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தேன். துணி இப்போது போதவில்லை. சுருக்கம் தாடையைத் தாண்டி ஒரு கன்னத்தில் ஏறியிருக்கிறது.