உறைந்த எண்ணெய்

— நான் புதினாவும் பூண்டும் ஊறப்போட்ட எண்ணெய் பாட்டில் எங்க அத்தை? ஃப்ரிட்ஜ்ல வச்ச இடத்துல காணோம்.

— கட்டினவன் ஆஸ்பத்திரியில மூச்சுக்குக் குழாய் மாட்டிக் கிடக்கான். இவ ஃப்ரிட்ஜைக் குடையறா!

— அவருக்காகத்தான் தேடறேன். இமை தொங்கிப் போச்சு, நாக்கு குழறுது. என்ன சாப்பிட்டாரோ, மிச்சம் மீதியோட கொண்டுவாங்கன்னு டாக்டர் அனுப்பியிருக்காங்க.

— எம்புள்ள தின்னது நான் சுட்ட ரொட்டி. அதுல வெஷமா வச்சேன்?

— எதைத் தொட்டுக்கிட்டாரு?

— அந்த எண்ணெயத்தான். பூண்டு வாசம் தூக்குதும்மான்னு கேட்டு வாங்கித் தின்னான்.

— உறைஞ்சுல்ல இருக்கும்?

— மெழுகாட்டம் கெட்டுக் கிடந்துச்சு. போன வாரமே எடுத்து அடுப்புப் பக்கத்துல வச்சேன். பளிங்கா இளகிடுச்சு.

— போன வாரமா! அது கெட்டுப்போனது இல்ல அத்தை, குளிருக்கு உறைஞ்சது. பச்சை இலையும் பூண்டும் காத்துப் படாம எண்ணெய்ல முங்கிக் கிடக்கு. வெளிய வச்சா அதுக்குள்ளயே விஷம் ஊறும். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் நாலு நாளுல தீத்துடணும், இல்ல ஐஸ் தட்டுல ஊத்தி ஃப்ரீசர்ல போட்டுடணும். தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

— அந்த ஃப்ரிட்ஜ் என்ன பெரிய வைத்தியனா? காலமெல்லாம் ஊறுகாய் போட்ட கை இது. மேல எண்ணெய் நின்னா எதுவும் கெடாது.

— ஊறுகாய்ல உப்பு இருக்கு, புளிப்பு இருக்கு. இதுல என்ன இருக்கு?

— மோந்து பாத்துட்டுத்தான் கொடுத்தேன். ஒரு வாடை இல்ல, நுரை இல்ல.

— அந்த விஷத்துக்கு வாடையே கிடையாதாம். டாக்டர் சந்தேகப்படறது அதைத்தான். விஷமுறிவு மருந்து ஏத்தப் போறாங்க, பாட்டில் கிடைச்சா சோதிச்சு உறுதி பண்ணிக்குவாங்க. எங்க வச்சீங்க?

— என்னமோ போ. எனக்குத் தெரியாது.

— உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. கழுவாத காலி பாட்டிலா இருந்தாக்கூடப் போதும்.

— குப்பைக் கூடையில கிடக்கு. கழுவல.

— இருந்த எண்ணெய? கொட்டிட்டீங்களா?

— கொட்டல. அவனை வண்டியில ஏத்துறப்பவே நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள திரும்பி வந்தேன். அவனுக்கு வந்தது எனக்கும் வரட்டும்னு, மிச்சத்தை நானே ரொட்டியில துடைச்சுத் தின்னுட்டேன்.